8.15 மணிக்கு எங்கே நின்றீர்கள்?

1945 ஆகஸ்ட் 6, காலை 8.15. அந்த நிமிஷத்தில் வீட்டுக்குள் இருந்தீர்களா, தெருவிலா? வீடென்றால் எந்த அறை? சன்னல் எந்தப் பக்கம்? நின்றீர்களா, படுத்திருந்தீர்களா, முகம் எந்தத் திசையில் இருந்தது?

ஹிரோஷிமாவில் உயிர் தப்பிய ஆயிரக்கணக்கானோரிடம் பிற்பாடு இப்படிக் கேட்டார்கள். நாகசாகிக்காரர்களிடம் ஆகஸ்ட் 9, காலை 11.02 பற்றிக் கேட்டார்கள். பதிலை வைத்து, எரிந்து போன வீட்டைத் தாளில் மறுபடி வரைந்து, ஆள் இருந்த இடத்தைக் குறித்துக்கொண்டார்கள்.

இவ்வளவு நுணுக்கம் எதற்கு? ஹிரோஷிமா குண்டு தரையில் விழவில்லை, சுமார் 600 மீட்டர் உயரத்தில் வெடித்தது. அதில் இருந்த யுரேனியம் ஏறத்தாழ 64 கிலோ. அணுக்கரு பிளந்தது ஒரு கிலோவுக்கும் குறைவு. நகரத்தை அழிக்க அது போதுமாக இருந்தது. வெப்பமும் காற்றழுத்தமும் போக, காமா கதிர்களும் நியூட்ரான்களும் பாய்ந்தன. வெடித்த புள்ளிக்கு நேர் கீழிருந்து 1 கிலோமீட்டரில் வெட்டவெளியில் நின்றவர்மேல் விழுந்த காமா கதிர் 4 கிரேக்கு மேல் (கிரே என்பது பட்ட கதிரை அளக்கும் அலகு). சிகிச்சை இல்லாவிட்டால் அந்த அளவுக்குப் பாதிப்பேர் இறந்துபோவார்கள். 2 கிலோமீட்டரிலோ அது 0.1 கிரேகூட இல்லை. தூரம் இரண்டு மடங்கானதில் கதிர் ஏறத்தாழ ஐம்பதில் ஒரு பங்குக்குச் சுருங்கிவிட்டது. போகப் போகக் கதிர் பரவி மெலிவதோடு, நடுவிலிருக்கும் காற்றும் அதை விழுங்குகிறது. சில நூறு மீட்டரும் ஒரு மண்சுவரும் ஓட்டுக்கூரையும் ஒருவரின் ஆயுளையே மாற்றிவிடும். யார் உடம்பிலும் அன்று அளக்கும் கருவி இல்லை.

அதனால் அந்தக் காலையைத் திரும்பக் கட்டிப் பார்த்தார்கள். 1962-இல் அமெரிக்காவின் நெவாடா பாலைவனத்தில் 460 மீட்டருக்கு மேல் உயரமான ஒரு கோபுரம் எழுந்தது. கீழே, ஆள் குடிபுகாத ஜப்பானிய பாணி வீடுகள். சுற்றிலும் கவசம் இல்லாத ஒரு சிறு அணு உலையைக் கோபுரத்தில் ஏற்றி இயக்கி, எந்தச் சுவர் எவ்வளவு கதிரைத் தடுக்கிறது என்று அந்த வீடுகளுக்குள் அளந்தார்கள்.

எனக்கு அதைவிடப் பெரிய வியப்பு, இரண்டு நகரங்களிலும் மிஞ்சிய பொருள்கள் சொன்ன சாட்சியம். கூரை ஓட்டில் குவார்ட்ஸ் துகள்கள் உண்டு. சூளையில் வெந்தபோது அவற்றின் பழைய நினைவெல்லாம் அழிந்துவிடுகிறது. அதன்பின் மேலே படும் கதிர், துகளுக்குள் எலெக்ட்ரான்களைச் சிறைப்படுத்தி வைக்கும். ஆண்டுகள் கழித்து ஆய்வகத்தில் அந்தத் துகளைச் சூடேற்றினால், சிறைப்பட்டவை விடுபட்டு மெல்லிய ஒளியை வெளியிடுகின்றன. ஒளி கூடுதலென்றால் பட்ட கதிரும் கூடுதல். கட்டடங்களில் தப்பிய செம்பிலோ, வேக நியூட்ரான்கள் தாக்கிய அணுக்களில் சில நிக்கலாக மாறியிருந்தன. மனிதப் பல்லின் எனாமலும் கணக்கு வைத்திருந்தது: பல் மருத்துவர் பிடுங்கிய பற்களைப் பாதிக்கப்பட்டவர்கள் ஆய்வுக்குக் கொடுத்தார்கள். ரத்த வெள்ளணுக்களின் குரோமோசோம்களில் முறிந்து தவறாக ஒட்டிய தழும்புகள் பல பத்தாண்டுகளுக்குப் பிறகும் தெரிந்தன.

இப்படி ஒவ்வொருவருக்கும் ஒரு கதிரளவு கணக்கிட்டு, 1950 முதல் சுமார் 1,20,000 பேரைப் பின்தொடர்கிறது ஓர் ஆய்வு. குண்டு விழுந்தபோது ஊரில் இல்லாதவர்களும் ஒப்பிடுவதற்காக அதில் உண்டு. ரத்தப் புற்றுநோய்தான் முதலில் தலைகாட்டியது. குண்டு வெடித்து 6 முதல் 8 ஆண்டுகளில் அது உச்சம் தொட்டது. இரண்டு வயதில் கதிர் பட்ட சடாக்கோ சசாகி 12 வயதில், 1955-இல் அந்த நோயில்தான் இறந்தாள். உறுப்புகளில் கட்டியாக வரும் புற்றுநோய்கள் தாமதமாக வந்தன, ஆனால் அந்த அபாயம் ஆயுள் முழுக்க விலகவில்லை. 30 வயதில் 1 கிரே பட்டவருக்கு 70 வயதில் அப்படிப்பட்ட நோய் வரும் வாய்ப்பு மற்றவரைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. சிறுவயதில் பட்டவர்களுக்கு அபாயம் இன்னும் அதிகம். தப்பியவர்களுக்குப் பின்னால் பிறந்த பிள்ளைகளிடம் மரபுவழிப் பாதிப்பு இதுவரை கண்டறியப்படவில்லை. ஆனாலும் அந்தப் பயத்தால் நின்றுபோன திருமணங்கள் பல.

கதிர்வீச்சுப் பாதுகாப்புக்கு உலகம் வைத்திருக்கும் வரம்புகளுக்கு முதன்மை ஆதாரம் இந்த ஆய்வுதான். கல்பாக்கம் அணுமின் ஊழியருக்கு ஆண்டுக்குச் சராசரி 20 மில்லிசீவர்ட் (உடம்புக்கு வரும் தீங்கைக் கணக்கிடும் கதிரலகு) என்ற எல்லைக்குப் பின்னாலும் ஹிரோஷிமாக்காரர்களின் உடம்பு இருக்கிறது.

அந்த உடம்பை அவர்கள் மகிழ்ச்சியோடு கொடுத்ததாக நினைத்துவிடக் கூடாது. இந்த ஆய்வை முதலில் நடத்திய, 1947-இல் அமெரிக்கா தொடங்கிய அணுகுண்டுப் பாதிப்பு ஆணையம் ஹிரோஷிமாவின் ஹிஜியாமா குன்றின்மேல் இருந்தது. ஜீப்பில் ஏற்றிப் போய், உடையைக் களையச் சொல்லி, ரத்தம் எடுத்து, படம் பிடித்து அனுப்பினார்கள். பரிசோதனை உண்டு, சிகிச்சை கிடையாது. எங்களைச் சோதனை எலிகளாக்கினார்கள் என்று பலர் கடைசிவரை சொன்னார்கள். அந்தக் கோபம் முழுக்க நியாயமானது என்பதே என் எண்ணம். குண்டு போட்ட நாடே காயத்தை அளந்துவிட்டு மருந்து கொடுக்காமல் அனுப்பியது. ஆக்கிரமிப்புக் காலத் தணிக்கையால் அவர்கள் தங்கள் கதையை வெளியே சொல்லவும் முடியவில்லை.

வாய் திறக்க வழி செய்தது இன்னொரு குண்டு. 1954 மார்ச் 1 அன்று பிகினி தீவில் அமெரிக்கா வெடித்த ஹைட்ரஜன் குண்டின் சாம்பல், 23 பேர் இருந்த ஜப்பானிய மீன்பிடிப் படகின்மேல் விழுந்தது. படகின் வானொலி இயக்குநர் ஐகிச்சி குபோயாமா செப்டம்பரில் இறந்தார். டோக்கியோவின் சுகினாமி பகுதிப் பெண்கள் முன்னின்ற கையெழுத்து இயக்கம் 3 கோடிக்கு மேல் கையெழுத்து திரட்டியது. 1956 ஆகஸ்டில் நாகசாகியில், பாதிக்கப்பட்டவர்களே சேர்ந்து நிஹோன் ஹிடான்கியோ அமைப்பைத் தொடங்கினார்கள். மறு ஆண்டே மருத்துவ உதவிச் சட்டம் வந்தது. 2017-இல் அணு ஆயுதத் தடை ஒப்பந்தத்துக்கு 122 நாடுகள் வாக்களித்ததில் அவர்களுடைய பல்லாண்டு உழைப்புக்குப் பெரும் பங்கு உண்டு. ஜப்பான் அதில் கையெழுத்திடவில்லை, இந்தியாவும் இல்லை.

ஆய்வு எட்டாத இடங்களும் இருக்கின்றன. 1950-க்குமுன் இறந்தவர்கள் கணக்கிலேயே இல்லை. வெடிப்புக்குப் பின் பெய்த, கதிர் கலந்த கறுப்பு மழையில் நனைந்தவர்களுக்கு நீதிமன்றம்தான் துணை நின்றது: 2021-இல் ஹிரோஷிமா உயர் நீதிமன்றம் 84 பேருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது.

2024-இல் ஹிடான்கியோவுக்கு நோபல் அமைதிப் பரிசு கிடைத்தபோது ஒஸ்லோவில் பேசியவர் தெருமி தனாக்கா. அவரே பொறியியல் கற்பித்த பேராசிரியர். குண்டு வெடித்தபோது அவருக்கு 13 வயது, நாகசாகியில் 3.2 கிலோமீட்டர் தள்ளி வீட்டில் இருந்தார். கதிரளவுக் கணக்கில் அது கிட்டத்தட்டப் பூஜ்யம். மூன்று நாள் கழித்து அம்மாவோடு உறவினர்களைத் தேடிப் போன அந்தப் பையன் பார்த்தது எந்த அலகிலும் அடங்காது. அவர் உறவில் ஐந்து பேர் இறந்தார்கள். அணுகுண்டில் மாண்டவர்களுக்கு ஜப்பான் அரசு எந்த இழப்பீடும் தரவில்லை என்ற வரி அவர் உரையில் இருந்தது. படித்துவிட்டு நிறுத்தினார். எழுதி வைத்த தாளை விட்டு விலகி, அதையே இன்னொரு முறை சொன்னார்.