அயன் பெட்டியை ஓய வைத்தது யார்?

கல்முனை பஸாரில் அபாயாத் துணி விற்கிறவர் துணியைக் கைக்குள் பொத்திக் கசக்கி, உதறிக் காட்டுகிறார். ஒரு சுருக்கம் இல்லை. வாங்க வந்த உம்மாவுக்கும் மகளுக்கும் அதற்குமேல் எதுவும் சொல்லத் தேவையில்லை. சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று என்று கரையோரம் நெடுக அயன் பண்ணுகிற வேலை குறைந்துகொண்டே வருகிறது. இளசுகளின் சோம்பல் என்கிறார்கள் பெரியவர்கள். பிள்ளைகளைத் திட்டிப் பயனில்லை, மாறியது துணி.

பருத்தி ஈரமானால் இழைக்குள் இருக்கும் பிணைப்புகள் தளரும்; காயும்போது கிடந்த கிடையிலேயே இறுகிவிடும். அந்தக் கசங்கலை நிமிர்த்த ஈரமும் நல்ல சூடும் வேண்டும். அபாயாவின் பொலியெஸ்டரோ தண்ணீரைக் குடிப்பதில்லை. ஆலையில் சூடேற்றிப் பதித்த வடிவத்திலேயே நிற்கும்.

மூத்தம்மாமார் காலத்துப் பித்தளைப் பெட்டியின் மூடிக் கொக்கியில் ஒரு சேவல் நிற்கும். சிரட்டைக் கரியைத் தணலாக்கி உள்ளே போட்டு, விசிறி, பறக்கும் சாம்பலை ஊதித் தள்ளி, அடியை வாழையிலையில் ஒரு தேய் தேய்த்த பிறகுதான் துணியில் வைப்பார்கள். கஞ்சி போட்ட சாரன் ஜும்ஆவுக்கு மொடமொடவென்று புறப்படும். இன்று பிள்ளைகளின் வெள்ளைச் சீருடைக்குத்தான் பல வீடுகளில் பெட்டி சூடாகிறது.

2022 மார்ச் கடைசியில் மின்வெட்டு நாளுக்கு 13 மணித்தியாலம் வரை நீண்டது. அந்த ஓகஸ்டிலும் 2023 பெப்ரவரியிலும் மின்கட்டணம் எகிறியது. 1000 வாட் பெட்டி ஒரு மணித்தியாலம் முழுச் சூட்டில் ஓடினால் ஒரு யூனிட். கசங்காத துணிக்கு இதைவிட நல்ல விளம்பரம் கிடைக்குமா?

அயன் பண்ணுகிற பெண்களின் முதுகுவலி குறைந்தது நல்லதுதானே என்பார்கள். நியாயந்தான். அயன் பெட்டி போனால் போகட்டும். பருத்தி நெய்யும் மருதமுனைத் தறி என்னாவது?

கல்முனைக்கு வடக்கே, கூப்பிடு தூரத்தில் இருக்கும் ஊர். அதன் கைத்தறிச் சாரனுக்கும் சாரிக்கும் நாடு முழுக்கப் பெயர். நூல் சுற்றுவது அங்கே வீட்டு வேலைகளில் ஒன்று. 1977இல் இறக்குமதி திறந்துவிடப்பட்டபோது நாட்டின் கைத்தறிக்கு விழுந்த அடி மருதமுனையிலும் விழுந்தது. 2004 டிசம்பர் 26 அன்று கடல் வந்து தறிகளை வாரிப்போனது. அதற்குப் பிறகும் நெசவை விடாத ஊர் அது. ஆனால் உடுக்க ஆளில்லாத துணியை எத்தனை நாள் நெய்ய முடியும்? அயன் பண்ண வேண்டுமே என்று நாம் வாங்காமல் விடுகிற ஒவ்வொரு பருத்திச் சாரனும் ஒரு நெசவாளியின் கூலி. இறக்குமதித் துணிக்குக் கொடுக்கிற காசோ ஊரைவிட்டே போகிறது.

வருகிற பெருநாளுக்கு வீட்டுக்கு ஒரு சாரனாவது மருதமுனைத் தறியில் வாங்குங்கள். கசங்கத்தான் செய்யும். உடுக்கிற ஆம்பிளையே அயன் பண்ணிக்கொள்ளட்டும்.