நீச்சல் தடாகத்தை நாடும் குளவிகள்

நீண்ட குளிருக்குப் பின் வருகின்ற கனடாவின் கோடை எம்மவர்க்கு ஒரு பெருநாள் போன்றது. தொடர்மாடிகளிலும் நிலவறைகளிலும் பல ஆண்டுகளைக் கழித்த குடும்பங்கள் பல, இன்று மார்க்கத்திலும் ஏஜாக்ஸிலும் பிரம்ரனிலும் பின்வளவோடு கூடிய வீடுகளில் வாழ்கின்றன. அவற்றுட் சிலவற்றில் நீச்சல் தடாகமும் உண்டு. தடாகம் உள்ள வீடு உறவினர் அனைவர்க்கும் பொதுவீடு ஆகிவிடுகின்றது. வார இறுதியில் பிள்ளைகள் நீரிலும், பெரியவர்கள் நிழலிலும், இளைஞர்கள் இறைச்சி வாட்டும் அடுப்படியிலுமாக ஒன்றுகூடுவர். அங்கே அழையா விருந்தாளியாக வந்து சேர்வது குளவி.

இவ்விருந்தாளியை எதிர்கொள்வதில் எம்மிடையே இருவகைப் போக்குகள் உள்ளன. ஒன்று, “குளவிதானே” என்று பொருட்படுத்தாதிருத்தல். மற்றையது, கிலி கொண்டு பெற்றோலும் நெருப்புமாகப் புறப்படுதல். இரண்டும் ஆபத்தானவை. அதன் இயல்பை அறிந்துகொண்டால் இரண்டிற்கும் தேவை இராது.

ஊர்க் குளவியும் இங்குள்ள குளவியும்

ஊரில் வீட்டுச் சுவரில் மண்ணாற் கூடு கட்டும் குளவியை நாம் அறிவோம். குளவி கூடு கட்டிய வீட்டிற் குழந்தை பிறக்கும் என்று மூத்தோர் மகிழ்வர். கூட்டைக் கலைக்க விடார். குளவி புழுவைக் கொட்டிக் கொட்டியே தன்னைப் போல ஆக்கிவிடும் என்று சமயச் சொற்பொழிவுகளிலும் கேட்டிருக்கிறோம். உண்மையில் அது புழுவைக் கொட்டி அசைவற்றதாக்கித் தன் குஞ்சுக்கு உணவாகக் கூட்டினுள் அடைக்கின்றது. தனித்து வாழும் அக்குளவி எளிதிற் கொட்டுவதில்லை. கூட்டமாகத் தாக்குவனவற்றின் கொடுமையை மலையகத்து மக்கள் நன்கறிவர். தேயிலை கொய்யும் தொழிலாளர் குளவிக் கொட்டுக்கு இலக்காகி உயிரிழந்த செய்திகள் அங்கிருந்து இன்றும் வருகின்றன.

ஒன்ராறியோவில் எமது பின்வளவுகளுக்கு வருபவை கூட்டமாக வாழும் இனங்களே. நீண்ட கால்களைத் தொங்கவிட்டுப் பறப்பவை, கூரை விளிம்பின் கீழ்த் திறந்த அறைகளுடன் சிறு கூடு கட்டும். மஞ்சளும் கறுப்புமான பருத்த குளவிகள், நிலத்துப் பொந்திலும் சுவரிடுக்கிலும் மறைவாகக் கூடு கட்டும். ஒரு கூட்டில் ஆயிரக்கணக்கில் இருத்தலும் கூடும். வெள்ளை முகமுடைய கருங்குளவி, மரக்கிளையிற் சாம்பல் நிறப் பெரும் பந்து போன்ற கூட்டைத் தொங்கவிடும்.

இக்கூடுகள் அனைத்தும் காகிதத்தால் ஆனவை. குளவி மரத்தைச் சுரண்டி மென்று, உமிழ்நீருடன் குழைத்து மெல்லிய தாளாக்குகின்றது. இதைக் கண்ட பிரெஞ்சு அறிஞர் றியோமூர், மரத்திலிருந்து மனிதரும் காகிதம் செய்யலாம் என்று 1719 இல் எடுத்துக் கூறினார். அக்காலத்தில் ஐரோப்பாவிற் காகிதம் கந்தைத் துணியிலிருந்தே செய்யப்பட்டது. கனடாவின் நோவா ஸ்கோசியாவைச் சேர்ந்த சாள்ஸ் ஃபெனெற்றி, மரக்கூழிற் செய்த தாளை 1844 இல் ஒரு பத்திரிகைக்கு அனுப்பி வைத்தார். பத்திரிகை படிக்கும் நாமும் குளவிக்கு ஓரளவு கடன்பட்டவர்களே!

தடாகத்திற்கு ஏன் வருகின்றது?

நீருக்காகவே வருகின்றது. வெயில் நாட்களில் வேலைக்காரக் குளவிகள் நீரைச் சுமந்து சென்று கூட்டினுட் தெளித்து, சிறகால் விசிறிக் குளிரூட்டும். குடிப்பதற்கும் கூடு கட்டுவதற்கும் நீர் வேண்டும். குளோரின் கலந்திருப்பதை அவை பொருட்படுத்துவதில்லை.

ஆவணி, புரட்டாசி மாதங்களில் தொல்லை மிகுவதற்கு வேறு காரணமும் உண்டு. கோடையின் முற்பகுதியில் வேலைக்காரக் குளவிகள் புழுக்களையும் ஈக்களையும் பிடித்துக் குஞ்சுகளுக்கு ஊட்டும். குஞ்சுகள் இனிப்பான ஒரு நீரைச் சுரந்து அவற்றிற்குத் திருப்பி அளிக்கும். கோடையின் இறுதியிற் குஞ்சுகள் குறைய, அந்த இனிப்பும் அற்றுப்போகின்றது. அப்போதுதான் அவை எமது சோடாவையும் பழச்சாற்றையும் தேடி வருகின்றன. கடும் உறைபனி விழுந்ததும் கூட்டம் மடிந்துவிடும். கருவுற்ற இளம் இராணிகள் மட்டும் மறைவிடங்களில் உறங்கி, இளவேனிலிற் புதுக்கூடு தொடங்கும். பழைய கூட்டில் அவை மீண்டும் குடியேறுவதில்லை.

வராமற் தடுக்கும் வழிகள்

தடாகம் பாவனையில் இல்லாத வேளைகளில் அதை மூடி வையுங்கள். மூடியின் மேல் தேங்கும் நீரையும் அகற்றுங்கள். ஒழுகும் குழாயைத் திருத்துங்கள். தடாகத்திலிருந்து தூரத்தில், வேலியோரமாக, கற்கள் இட்ட அகன்ற தட்டில் நீர் வைத்தால், குளவிகள் சில அங்கே திரும்பக்கூடும். இதைக் கோடையின் தொடக்கத்திலேயே செய்தல் நன்று.

உணவை மூடியே பரிமாறுங்கள். குப்பைத்தொட்டிக்கு இறுகிய மூடி வேண்டும். மரத்தடியில் விழுந்த அப்பிளையும் பியர்ஸையும் அன்றன்றே பொறுக்கிவிடுங்கள். பிள்ளைகளுக்கு ரின்னிலடைத்த பானங்களை அப்படியே கொடாது, நிறமற்ற கோப்பையில் ஊற்றிக் கொடுங்கள். ரின்னினுள் புகுந்த குளவி தொண்டையிற் கொட்டினால், ஒவ்வாமை இல்லாதவர்க்கும் மூச்சு அடைக்கலாம். குளவிப் பொறி தொங்கவிடுவோர், அதை மக்கள் கூடும் இடத்திலிருந்து தள்ளி வைக்க வேண்டும். தடாகத்தருகே வைத்தால் குளவிகளை நாமே அழைத்தவர்களாவோம்.

நீரில் மிதக்கும் குளவி இறந்துவிட்டதென எண்ண வேண்டாம். அதைக் கையால் எடுக்கும் பிள்ளை கொட்டுப்படும். நீண்ட பிடியுள்ள வலையால் வாரி அகற்றிய பின்னரே பிள்ளைகளை நீரில் இறங்க விடுங்கள்.

கூட்டைக் கண்டால்

வைகாசி, ஆனி மாதங்களிற் கூரை விளிம்பு, தடாகத்து ஏணி, மரத்தளத்தின் அடிப்பக்கம், மடித்து வைத்த குடை, அடுப்பின் உறை ஆகியவற்றைத் தேடிப் பாருங்கள். தேசிக்காய் அளவுக் கூட்டைக் கடையில் விற்கும் குளவி மருந்தால், பொழுது சாய்ந்தபின், எட்ட நின்று அழித்துவிடலாம். ஒன்ராறியோவில் அழகுக்காகப் பூச்சிகொல்லி தெளிப்பது 2009 ஏப்ரல் 22 முதல் தடைசெய்யப்பட்டுள்ளது. எனினும் கொட்டும் பூச்சிகளுக்கு எதிரான மருந்துக்கு விலக்கு உண்டு.

நிலத்துப் பொந்தில் பெற்றோல் ஊற்றுவதும் தீ வைப்பதும் கூடவே கூடாது. வீடு எரியலாம், நிலம் நஞ்சாகும். சுவரிலுள்ள துவாரத்தை அடைத்துவிடுவதும் ஆகாது. அடைபட்ட குளவிகள் உட்சுவரைக் கடித்துக்கொண்டு வீட்டினுள்ளேயே வெளிப்படக்கூடும். பெரிய கூடு, சுவருள் உள்ள கூடு, நிலத்துக் கூடு மூன்றையும் அனுமதிப்பத்திரம் பெற்ற தொழிலாளரிடமே விடுங்கள். வாடகைக்கு இருப்போர் வீட்டுக்காரருக்கு எழுத்தில் அறிவித்து, பிரதி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். எவரும் நடமாடாத மூலையில் உயரத்தே தொங்கும் கூட்டை உறைபனி வரை அப்படியே விட்டுவிடலாம். தோட்டத்துப் புழுக்களைத் தின்று அதுவும் ஒரு தொண்டு செய்கின்றது.

நீரைப் பார்ப்பவர் யார்?

சென்ற ஆவணியில் உறவினர் ஒருவரின் வீட்டில் நான் கண்டதை இங்கே கூறுதல் தகும். பன்னிரண்டு வயதுச் சிறுவனைக் குளவி கொட்டியது. அவன் அலறினான். தாய் தந்தையர், மாமன் மாமியர் என்று அனைவரும் அவனிடம் ஓடினர். ஒருவர் ஐஸ் என்றார். இன்னொருவர் சுண்ணாம்பு என்றார். அந்தக் கூச்சலிடையே மூன்று வயதுக் குழந்தை ஒன்று தடாகத்தின் படிக்கட்டில் தனியே இறங்கிக்கொண்டிருந்ததை எவரும் காணவில்லை. தடாகத்தருகே கதிரையிலிருந்து எழாதிருந்த அம்மம்மா ஒருவரே கண்டு, குழந்தையின் சட்டையைப் பற்றி இழுத்தார். “எல்லாரும் அங்க ஓடினா, இஞ்ச தண்ணியை ஆர் பாக்கிறது?” என்று அவர் கேட்டபோது எவரிடமும் பதில் இருக்கவில்லை.

குளவி கொட்டியதால் நேரும் கேட்டிலும், அதனால் எழும் கலவரத்தில் நேரும் கேடு பெரிதாகலாம். ஈரத்தரையில் ஓடி வழுக்கும் பிள்ளை ஆழத்தில் விழலாம். ஆகவே, பிள்ளைகள் நீரில் உள்ள வேளையில் நீரை மட்டுமே பார்ப்பதற்கென நீந்தத் தெரிந்த பெரியவர் ஒருவரை நியமியுங்கள். எது நடந்தாலும் அவர் கண் நீரைவிட்டு அகலலாகாது.

கொட்டினால்

அவ்விடத்தைவிட்டு அமைதியாக விலகுங்கள். தேனீ கொட்டினாற் கொடுக்கு தோலில் நிற்கும். அதை உடனே அகற்றுங்கள். குளவி கொடுக்கை விடாது, பலமுறை கொட்டவல்லது. சவர்க்காரமிட்டுக் கழுவி, துணியிற் சுற்றிய ஐஸ் வையுங்கள். விரலிற் கொட்டினால், வீக்கம் ஏறுமுன் மோதிரத்தைக் கழற்றுங்கள். பெரும்பாலானோர்க்கு இவ்வளவே போதும்.

ஆனால் உடலெங்கும் தடிப்பு, உதடு அல்லது நாக்கு வீக்கம், குரல் கம்மல், மூச்சிரைப்பு, வாந்தி, தலைசுற்று, மயக்கம் ஆகியன தோன்றினால் அது உயிராபத்து. சுண்ணாம்பு, வெங்காயம் தேடி ஒரு நிமிடமும் வீணாக்காதீர்கள். எப்பிபென் ஊசி இருப்பின் தொடையின் வெளிப்புறத்தில் உடனே ஏற்றி, 911 ஐ அழையுங்கள். நோயாளியைப் படுக்க வைத்துக் கால்களை உயர்த்துங்கள். மூச்சுவிடச் சிரமப்பட்டால் சாய்ந்திருக்க விடுங்கள். எழுந்து நடக்க விடாதீர்கள். ஊசியால் நலமடைந்தாலும் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

ஆங்கிலம் வராது என்றோ, செலவு என்றோ 911 ஐ அழைக்கத் தயங்குவோர் எம்மிடையே உளர். “அம்புலன்ஸ்”, “தமிழ்” என்ற இரு சொற்களைக் கூறி, இணைப்பைத் துண்டியாதிருங்கள். மொழிபெயர்ப்பாளரை இணைக்கும் ஏற்பாடு உண்டு. ஒன்ராறியோ சுகாதார அட்டை உடையவர்க்கு, மருத்துவத் தேவை உண்மையாயின் கட்டணம் வழக்கமாக 45 டொலர்தான். சமூக உதவிப்பணம் பெறுவோர்க்கு அதுவும் இல்லை.

ஒருமுறை இவ்வாறு கடுமையாகப் பாதிக்கப்பட்டவர், ஒவ்வாமை மருத்துவரைக் கட்டாயம் காண வேண்டும். குளவி நஞ்சையே சிறு சிறு அளவில் ஏற்றி உடலைப் பழக்கும் சிகிச்சை, வழக்கமாக மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் நீடிக்கும். மிகுந்த பலன் தருவது.

அடுத்த விருந்துக்கு முன் மூன்று காரியங்களைச் செய்யுங்கள். வளவைச் சுற்றி வந்து கூடு தேடுங்கள். வருவோரிடம் ஒவ்வாமை உண்டா, ஊசி எங்கே என்று கேளுங்கள். உங்கள் வீட்டு முகவரியை ஆங்கிலத்திற் பெரிதாக எழுதிக் கதவில் ஒட்டுங்கள். பதற்றத்தில் முகவரி மறந்துபோனாலும், அதைப் பார்த்து வாசிக்கப் பத்து வயதுப் பிள்ளையாலும் முடியும்.