ஓடுவது காலா? மனமா?

(இளம் அறிவியல் விலங்கியல், இரண்டாம் ஆண்டு மாணவர்)

சென்ற ஆண்டு நம் கல்லூரி விளையாட்டு விழாவில் 1500 மீட்டர் ஓட்டத்தில் கலந்துகொண்டு, இரண்டாவது சுற்று முடிவதற்குள் வேலியோரம் ஒதுங்கி நின்றுவிட்ட ஒருவனைச் சிலர் நினைவில் வைத்திருக்கலாம். அவன்தான் இக்கட்டுரையை எழுதுகிறான். "இனி ஓர் அடிகூட என்னால் எடுத்து வைக்க முடியாது" என்றுதான் அன்று நின்றேன். ஆனால் அடுத்த அரைமணி நேரத்தில், புறப்பட்டுவிட்ட காஞ்சிபுரம் பஸ்ஸைப் பிடிக்க அதே கால்களால் சாலையில் ஓடினேன், பிடித்தும்விட்டேன்! கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு வந்தபோதுதான் எனக்கு வெட்கமாக இருந்தது. அப்படியானால் மைதானத்தில் நின்றது எது? காலா, மூச்சா, வேறு ஏதாவதா?

இக்கேள்வி எனக்கு வெறும் பொழுதுபோக்கு அன்று. எங்கள் வீடு செவிலிமேட்டில். அப்பா பட்டு நெசவாளர். எங்கள் வீட்டில் கல்லூரிப் படியை மிதித்த முதல் ஆள் நான். படிப்பு முடிந்ததும் வேலை வேண்டும். காவலர் தேர்வுக்குப் போகும் ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓட வேண்டும். விலங்கியல் படிப்பவனுக்கு மனம் போவது வனக்காப்பாளர் வேலையில். அதற்கு ஆண்கள் 25 கிலோமீட்டரை 4 மணி நேரத்தில் கடக்க வேண்டும், பெண்கள் 16 கிலோமீட்டர். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 25 கிலோமீட்டருக்கு 4 மணி என்றால் ஒரு கிலோமீட்டருக்கு 9 நிமிடம் 36 விநாடி. வெறும் நடையால் அந்த வேகத்தைக் கடைசிவரை காப்பது கடினம். இடையிடையே ஓடித்தான் ஆக வேண்டும். ஒன்றரைக் கிலோமீட்டரில் நின்றவனுக்கு இருபத்தைந்து! அந்த எண்ணைக் கேட்ட அன்றே மனம் தோற்றுவிட்டது எனலாம்.

செவிலிமேட்டுப் பாலாற்றுப் பாலத்தருகே விடியற்காலையில் போலீஸ் வேலைக்குப் பயிற்சி எடுக்கும் அண்ணன்மார் சிலர் கூடுவார்கள். போன ஆடி மாதம் நானும் அவர்களோடு சேர்ந்தேன். ஆற்றில் தண்ணீரைவிட மணலும் முள்ளும்தான் அதிகம். பாலத்தைத் தாண்டி வந்தவாசிச் சாலை, தூசி, மாமண்டூர் என்று போகிறது. மகேந்திரவர்மன் காலத்துக் குடைவரைகள் இருக்கும் அதே மாமண்டூர்தான். ஏழாம் நூற்றாண்டில் பாறையைக் குடைந்தவர்கள் "எப்போது முடியும்?" என்று கேட்டிருப்பார்களா என்று ஓடும்போது நினைத்துக்கொள்வேன். மூச்சு வாங்கும்போது மனிதனுக்கு என்னென்னவோ தோன்றுகிறது.

முதல் மூன்று நிமிடம்

புதிதாக ஓடுபவனுக்குச் சந்தேகம் வரும் முதல் இடம் கடைசிக் கிலோமீட்டர் அன்று, முதல் கிலோமீட்டரே. இதற்கு உடலியல் காரணம் உண்டு. நாம் ஓடத் தொடங்கிய அந்த நொடியே தசைகள் பல மடங்கு ஆற்றலைக் கேட்கின்றன. ஆனால் இதயமும் நுரையீரலும் அந்த வேகத்துக்கு ஏறிவர இரண்டு மூன்று நிமிடங்கள் ஆகின்றன. இடைப்பட்ட நேரத்தில் தசையில் சேமித்து வைத்துள்ள கிரியாட்டின் பாஸ்பேட்டைக் கொண்டும், ஆக்சிஜன் இல்லாமலே கிளைக்கோஜனை உடைத்தும் உடல் சமாளிக்கிறது. இதையே ஆக்சிஜன் பற்றாக்குறை என்று நம் பாடப் புத்தகம் சொல்கிறது. தேர்வில் ஐந்து மதிப்பெண்ணுக்கு எழுதிவிட்டு மறந்துவிடுகிறோம். அந்தப் பற்றாக்குறைதான் மார்பில் அடைப்பது போலவும், கால் கனப்பது போலவும் தெரிகிறது. அனுபவம் உள்ளவன் "கொஞ்சம் பொறு, சரியாகிவிடும்" என்று ஓடுகிறான். அனுபவம் இல்லாதவன், "இப்போதே இப்படி என்றால் இன்னும் எவ்வளவோ இருக்கிறதே!" என்று மீதித் தூரத்தை எல்லாம் இந்த மூன்று நிமிடத்தால் பெருக்கிப் பார்க்கிறான். பெருக்கல் தவறு; பயம் உண்மை. விளையாட்டு விழாவில் நான் செய்த பிழையும் இதுவே. முதல் சுற்றைக் கைதட்டலுக்கு மயங்கிப் பாய்ந்து ஓடினேன், பற்றாக்குறை இரட்டிப்பாயிற்று.

இதற்கு மருந்து மன உறுதி அன்று, மெதுவாகத் தொடங்குவதே. எங்கள் பாலத்து அண்ணன்மாரில் மூத்தவர் ஒருவர் சொல்லிக் கொடுத்த அளவுகோல் எளிது: பக்கத்தில் ஓடுபவனிடம் ஒரு முழு வாக்கியம் பேச முடிய வேண்டும். "சாப்பிட்டியா?" என்று மட்டும் கேட்க முடிந்தால் வேகம் அதிகம், "நேற்று ராத்திரி என்ன சாப்பிட்டீர்கள் அண்ணே, மணி எத்தனை இருக்கும்?" என்று கேட்க முடிந்தால் வேகம் சரி.

களைப்பு எங்கே இருக்கிறது?

களைப்பு தசையில் இருக்கிறது என்பதே நெடுங்காலம் அறிஞர் கொள்கை. 1922ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு பெற்ற ஆங்கிலேய உடலியலார் ஏ.வி. ஹில், ஆக்சிஜன் போதாமையும் லாக்டிக் அமிலமுமே தசையை ஓயச் செய்கின்றன என்று விளக்கினார். பிற்காலத்தில் தென்னாப்பிரிக்காவின் டிம் நோக்ஸ் ஒரு குறுக்குக் கேள்வி கேட்டார்: தசை முழுவதும் ஓய்ந்துவிட்டது உண்மையானால், நெடுந்தூர ஓட்டக்காரன் கடைசிச் சுற்றில் மட்டும் எப்படி வேகமெடுக்கிறான்? மூளைதான் உடலுக்கு ஆபத்து வராதபடி முன்கூட்டியே கடிவாளத்தை இழுத்துப் பிடிக்கிறது. முடிவு கண்ணுக்குத் தெரிந்ததும் தளர்த்துகிறது என்பது அவர் கொள்கை. நான் பஸ்ஸுக்கு ஓடிய கதைக்கு விளக்கம் கிடைத்துவிட்டதல்லவா!

வேல்ஸ் நாட்டுப் பாங்கர் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய சாமுவேல் மார்கோரா என்பவர் செய்த சோதனைகள் இன்னும் சுவையானவை. 2010இல் வெளியான ஆய்வில், ரக்பி ஆட்டக்காரர் 10 பேரை நிலைமிதிவண்டியில் 242 வாட் அளவில், இனி முடியாது என்று சொல்லும்வரை மிதிக்கச் செய்தார். ஏறத்தாழ பத்து நிமிடத்தில் அனைவரும் கைவிட்டனர். கைவிட்ட அந்தக் கணமே, "ஐந்தே ஐந்து விநாடி, முழு பலத்தோடு மிதியுங்கள்" என்றார்கள். 242 வாட்டைத் தாங்க முடியாதென்று நின்ற அதே கால்கள் சராசரி 731 வாட் கொடுத்தன. மூன்று மடங்கு! கால் ஓயவில்லை, இன்னும் எவ்வளவு நேரம் என்று தெரியாத பாரம்தான் ஓய்ந்திருக்கிறது.

அவருடைய 2009ஆம் ஆண்டு ஆய்வு மாணவர்களாகிய நமக்கென்றே செய்தது போல இருக்கிறது. 16 பேருக்கு 90 நிமிடம் கவனத்தைக் கசக்கிப் பிழியும் வேலை கொடுத்து, பிறகு மிதிக்கவிட்டார். இன்னொரு நாள் அதே நேரம் படம் பார்க்கவிட்டு மிதிக்கச் செய்தார். மூளை களைத்த நாளில் சராசரி 640 விநாடிகளில் கைவிட்டனர்; படம் பார்த்த நாளில் 754 விநாடிகள் தாங்கினர். இதயத்துடிப்பிலும் இரத்த லாக்டேட்டிலும் அந்த வித்தியாசத்தை விளக்கக் கூடியது எதுவும் இல்லை. 'கஷ்டமாக இருக்கிறது' என்ற உணர்வு மட்டுமே கூடுதலாக இருந்தது. இதைப் படித்த பின் ரெக்கார்டு நோட்டு எழுதிவிட்டு மாலையில் ஓடும் வழக்கத்தை விட்டுவிட்டேன். விடியற்காலைதான்.

நோக்ஸ் சொல்லும் கடிவாளம் நாம் அறியாமல் இயங்குவது. மார்கோரா சொல்வதோ நாம் அறிந்து எடுக்கும் முடிவு. இருவர் கட்சியும் ஒன்றல்ல. எனக்கு மார்கோரா கட்சியே பிடித்திருக்கிறது; ஏனெனில் அறிந்து எடுக்கும் முடிவை மாற்றவும் முடியும். 2014இல் அவருடைய குழுவினர் 24 பேரை வைத்துச் செய்த ஆய்வில், இரண்டு வாரம் தமக்குத்தாமே ஊக்கச் சொற்களைச் சொல்லிப் பழகியவர்கள் 18 சதவீதம் கூடுதல் நேரம் தாங்கினர்; பழகாதவர்களிடம் அத்தகைய மாற்றம் இல்லை. யாரோ சொன்ன சொற்கள் அல்ல, அவரவரே தேர்ந்த சொற்கள் என்பதைக் கவனிக்க வேண்டும்.

பானிஸ்டர் கதை

மனத்தடை என்றாலே மேடையில் பேசுவோர் ரோஜர் பானிஸ்டர் கதையை எடுத்துவிடுவார்கள். ஒரு மைலை 4 நிமிடத்துக்குள் ஓட முடியாதென்று உலகமே நம்பியதாம்; 1954 மே 6இல் ஆக்ஸ்போர்டில் அவர் 3 நிமிடம் 59.4 விநாடியில் ஓடியதும் மனத்தடை உடைந்து எல்லோரும் ஓடிவிட்டார்களாம். 46 நாளில் ஆஸ்திரேலியாவின் ஜான் லாண்டி அதை முறியடித்தது உண்மைதான். ஆனால் லாண்டி அதற்கு முன்பே பலமுறை 4 நிமிடம் 2 விநாடிக்கு வந்து நின்றவர். ஸ்வீடனின் குண்டர் ஹெக் 1945லேயே 4 நிமிடம் 1.4 விநாடியில் ஓடியிருந்தார். ஆகவே மந்திரத்தால் மாங்காய் விழவில்லை. எனக்குப் பிடித்த செய்தி வேறு. அன்று பலத்த காற்று. மருத்துவ மாணவரான பானிஸ்டர் ஓடுவதா வேண்டாமா என்று பந்தயம் தொடங்குவதற்குச் சற்று முன்புவரை தயங்கிக்கொண்டே இருந்தார். பிரஷர், சாட்டவே என்ற இரு நண்பர்கள் முன்னே ஓடி வேகத்தைக் காத்துக் கொடுத்தார்கள். சந்தேகம் இல்லாதவர் அல்லர் அவர். சந்தேகத்தோடு, துணையோடு ஓடியவர்.

என் நாற்பது பக்க நோட்டு

அறிவியல் மாணவன் என்ற திமிரில் ஒரு நோட்டுப் போட்டேன். ஒவ்வொரு நாளும் எந்த இடத்தில் 'நின்றுவிடு' என்ற எண்ணம் வந்தது, அதன் பிறகு எவ்வளவு தூரம் ஓடினேன் என்று இரண்டே பத்தி. ஒரு மாதம் கழித்துப் பார்த்தால், அந்த எண்ணம் பெரும்பாலும் முதல் பத்து நிமிடத்துக்குள்ளேயே வந்திருந்தது. தூரம் கூடினாலும் அது வரும் இடம் மாறவில்லை. மூன்று கிலோமீட்டர் ஓடிய நாளிலும் பாலம் முடியுமிடத்தில்தான், எட்டுக் கிலோமீட்டர் ஓடிய நாளிலும் பாலம் முடியுமிடத்தில்தான்! அதன்பின் அந்த இடம் வந்ததும், "வாப்பா, உன்னைத்தான் எதிர்பார்த்தேன்" என்று சொல்லிக்கொண்டு ஓடப் பழகினேன். என் ஊக்கச் சொல் அவ்வளவுதான். கூட ஓடுபவர்கள் சிரித்தார்கள்.

இரண்டாவது உபாயம், தூரத்தை விட்டு நேரத்தைப் பிடித்தது. 'பத்துக் கிலோமீட்டர்' என்றால் மிரளும் மனம், 'நாற்பது நிமிடம் அந்தப் பக்கம், நாற்பது நிமிடம் இந்தப் பக்கம்' என்றால் பேசாமல் வருகிறது. திரும்பிவிட்டால் வீட்டுக்கு வந்துதானே ஆக வேண்டும்! ஐந்து நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை என்று பிரித்துக்கொண்டேன். நடப்பது தோல்வி என்று முதலில் எண்ணியிருந்தேன். 4 மணி நேரச் சோதனைக்கு நடை ஓர் ஆயுதம்.

அப்பாவிடம் ஒருநாள், "புதுப் பாவு பூட்டினதும் மலைப்பாக இருக்காதாப்பா?" என்று கேட்டேன். மூன்று புடவைக்கான பாவு. ஒவ்வொன்றும் பன்னிரண்டு முழத்துக்குக் குறையாது. கோர்வைக் கரை என்றால் நாளுக்கு ஒரு முழம் ஏறுவதே பாடு. "அத எவன்டா பார்த்தான்? அச்சுக்கு முன்னால ஒரு சாண் தெரியும். இழை அறுந்தா முடியுவேன். முழுப் பாவையும் பார்த்துக்கிட்டு இருந்தா நாடா போடுறது யாரு?" என்றார். பிறகு, "ஓடி ஓடி எலும்பாப் போயிட்ட. கல்லூரிக்கு அனுப்பினது ஓடறதுக்கா?" என்றும் கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. சோதனையில் தேறினால்தான் பதில்.

நம் சந்தேகம் எல்லாம் நமக்குள்ளிருந்தே வருவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பெண்கள் 800 மீட்டர் ஓடியபின், அவர்கள் சுருண்டு விழுந்தார்கள் என்று பத்திரிகைகள் மிகைப்படுத்தி எழுதின. வென்ற லினா ராட்கே 2 நிமிடம் 16.8 விநாடியில் உலக சாதனை படைத்திருந்தும், அப்பந்தயமே 1960வரை பெண்களுக்கு இல்லாமற் போயிற்று. பெண்கள் மாரத்தான் 1984இல்தான் ஒலிம்பிக்கில் சேர்ந்தது. என் தங்கை பாலம்வரை வருகிறேன் என்று கேட்டபோது தெருவில் எழுந்த பேச்சைக் கேட்டால், 1928 அவ்வளவு தூரத்தில் இல்லை என்று தோன்றும். அவள் வருகிறாள், பாலம்வரை அல்ல, பாலத்தைத் தாண்டியும்.

எல்லாச் சந்தேகமும் பொய் அல்ல என்ற எச்சரிக்கையும் அவசியம். இரு கால்களிலும் பரவலாக வரும் மந்தமான வலியைப் பழகிக்கொள்ளலாம். ஒரே இடத்தில் ஊசி குத்துவது போல வந்து அடிக்கு அடி கூடும் வலி வந்தால் நின்றுவிட வேண்டும். முழங்காலுக்குக் கீழ் முன்னெலும்பில் அப்படி வந்ததை 'மனத்தடை' என்று எண்ணி ஓடி, நான் மூன்று வாரம் வீட்டில் உட்கார்ந்தேன். மார்பு வலி, தலைசுற்றல், வெயிலில் வியர்வை நின்று குளிர்வது போன்ற உணர்வு ஆகியவற்றோடு வாதம் செய்யலாகாது. நெடுந்தூரத்தில் தசையின் கிளைக்கோஜனும் தீர்ந்துபோகும். அப்போது எந்த ஊக்கச் சொல்லும் உதவாது, வாழைப்பழம்தான் உதவும்.

புதுக்கோட்டை லட்சுமணன் கோவிந்தன் 2017இல் புவனேசுவரத்தில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் 5,000, 10,000 மீட்டர் இரண்டிலும் தங்கம் வென்றவர். அடுத்த ஆண்டு ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் 10,000 மீட்டரில் மூன்றாவதாக வந்தும், ஓடுபாதையின் உட்கோட்டை மிதித்துவிட்டதாக வெண்கலம் பறிபோனது. 10,000 மீட்டர் என்பது 25 சுற்று. அதே இடத்தை இருபத்தைந்து தடவை பார்ப்பது! வந்தவாசிச் சாலையிலாவது எனக்குப் புளியமரம் மாறுகிறது.

எங்கள் ஊரில் சாலைக் கிணறு இருக்கிறது. காசி யாத்திரையில் உயிருக்கு ஆபத்து என்றறிந்து விந்தியக் காட்டில் தனித்துப் பிரிந்த இராமானுசருக்கு வேடர் தம்பதியாய்ப் பெருமாளும் தாயாரும் துணைவர, விடிந்து பார்த்தால் காஞ்சி அருகில் இருந்தார் என்பது வைணவ மரபு. ஒரே இரவில் அவ்வளவு தூரம்! அந்த வரம் நமக்கில்லை. அதற்குப் பிறகு அவர் நாள்தோறும் அக்கிணற்றிலிருந்து வரதராசர் கோயிலுக்குத் தீர்த்தம் சுமந்து நடந்தார் என்கிறார்களே, அந்தப் பகுதிதான் எனக்கு நெருக்கம்.

சென்ற ஞாயிறு 18 கிலோமீட்டர் முடித்தேன். 2 மணி 40 நிமிடம். பாலம் முடியுமிடத்தில் வழக்கம்போல அந்தக் குரல் வந்தது. பதினைந்தாவது கிலோமீட்டரில் புதிதாக இன்னொன்றும் வந்தது. அதை நோட்டில் குறித்து வைத்திருக்கிறேன். இன்னும் 7 கிலோமீட்டர் பாக்கி.