பல் மறக்காத தண்ணீர்

பாகிஸ்தானின் பலூசிஸ்தானில் உள்ள மெஹர்கரில், 1974 முதல் பிரெஞ்சு அகழாய்வாளர்கள் தோண்டினார்கள். சுமார் ஒன்பதாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கோதுமையும் பார்லியும் விதைத்து, ஆடுமாடு வளர்த்த மக்கள் வாழ்ந்த இடம் அது. அங்கே புதைக்கப்பட்டவர்களில் ஒன்பது பேரின் கடைவாய்ப் பற்களில் சின்னச் சின்னத் துளைகள் இருந்தன. உயிரோடு இருந்தபோதே, கல்முனையால் குடைந்து போட்ட துளைகள். மணிகளில் துளையிடத் தெரிந்த கைவினைஞர்களே பல்லையும் குடைந்திருக்கலாம் என்பது ஆய்வாளர்கள் கணிப்பு. 2006இல் 'நேச்சர்' இதழில் இது வெளிவந்தது.

தருமபுரிக்காரர்களுக்கு நெருக்கமான சேதி இன்னொன்று. அமெரிக்க மானுடவியலாளர் ஜான் லூகாக்ஸும் உடன் ஆய்ந்தவர்களும் மெஹர்கர் பற்களில் ஃபுளோரைடு கறையைக் கண்டார்கள். சொத்தை குறைவு, கறை உண்டு. அம்மக்கள் குடித்த தண்ணீரிலேயே ஃபுளோரைடு மிகுந்திருந்ததற்கு அதுவே சாட்சி.

இத்தனை காலம் கழித்தும் இதைப் படிக்க முடிவதற்குக் காரணம் எனாமல். மனித உடலில் அதைவிடக் கடினமான பொருள் கிடையாது. மண்ணில் எலும்பு கரைந்துபோன இடத்திலும் பல் மிஞ்சும். எலும்பு வாழ்நாள் முழுக்கத் தன்னைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கிறது. எனாமலோ சிறுவயதில் ஒருமுறை உருவாவதோடு சரி. அந்த வயதில் குழந்தை பட்டினி கிடந்தாலோ கடும் நோயில் விழுந்தாலோ, பல்லில் குறுக்கே பள்ளக் கோடு விழுந்துவிடும். பிறகு எவ்வளவு நன்றாகச் சாப்பிட்டாலும் அது மறையாது.

உணவும் அப்படியே பதிகிறது. ராகி, சாமை, சோளம் போன்ற பயிர்கள் காற்றிலிருந்து கார்பனை எடுக்கும் முறை வேறு. நெல், கோதுமையின் முறை வேறு. எனாமலில் உள்ள கார்பன் அணுக்களை அளந்தால், ஒருவர் களி தின்று வளர்ந்தவரா, நெல்லுச்சோறு தின்று வளர்ந்தவரா என்பது ஓரளவு தெரிந்துவிடும். பல்லில் படிந்து கல்லாகிப்போன காரை இன்னும் நுணுக்கமானது. ஹரியாணாவின் ஃபர்மானாவில், ஹரப்பா காலத்தவரின் பற்களிலும் சமையல் பானைகளிலும் ஒட்டியிருந்த மாவுத்துகள்களில் மஞ்சளையும் இஞ்சியையும் அடையாளம் கண்டார்கள் அருணிமா காஷ்யப்பும் ஸ்டீவ் வெபரும். நாலாயிரம் ஆண்டுக்கு முந்தைய குழம்பின் வாசனையையே தொட்டுவிட்ட மாதிரியான கண்டுபிடிப்பு அது!

சமூகம் பற்றிய சேதிகள் அவ்வளவு இனிமையானவை அல்ல. மெஹர்கரின் ஆதி உழவர்களைவிட ஹரப்பா நகரத்தாருக்குச் சொத்தைப் பற்கள் அதிகம். அதிலும் ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். தானிய உணவு பெருகியது, கர்ப்ப காலத்தில் உமிழ்நீர் மாறுவது, ஆணும் பெண்ணும் உண்ட விதம் எனக் காரணங்களை லூகாக்ஸ் அடுக்குகிறார். நகரம் வளர்ந்ததன் சுமையில் ஒரு பங்கைப் பெண்களின் வாய் தாங்கியிருக்கிறது. ஹரப்பா இடுகாட்டுப் பற்களில் இருந்த ஈயத்தையும் ஸ்ட்ரான்ஷியத்தையும் அளந்த ஆய்வு 2015இல் வந்தது. அங்கே புதைக்கப்பட்டவர்களில் பலர் வேறு ஊர்களில் பிறந்து, சிறுவயதிலேயே நகரத்துக்கு வந்து சேர்ந்தவர்கள் என்றது அது.

நடுகற்களும் கல்வட்டங்களும் நிறைந்த தருமபுரி மண்ணில், மெஹர்கரின் அந்தக் கறை இன்றைய மனிதர்களின் பல்லிலேயே இருக்கிறது. இங்கே பாறைக்குள் ஊறிவரும் நிலத்தடி நீர் ஃபுளோரைடைக் கரைத்துக்கொண்டு வருகிறது. குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் அது இருக்கக் கூடாது. தொடர்ந்து மிகுந்தால் பல்லோடு நிற்காமல் எலும்பையும் மூட்டையும் முடக்கும். இதற்காகவே ஜப்பானிய நிதியுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. 2013இல் தொடங்கிவைக்கப்பட்டு, தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் காவிரி நீரைக் கொண்டுசேர்க்கிறது.

கறை விழும் காலம் ஏறக்குறைய எட்டு வயது வரைதான். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால், குடிக்க மட்டுமல்ல, சோறு வடிக்கவும் களி கிண்டவும் ஒகேனக்கல் தண்ணீரையே எடுங்கள். போர் தண்ணீரைத்தான் நம்ப வேண்டும் என்றால், குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கொடுத்துச் சோதித்துப் பாருங்கள். கொதிக்க வைத்தால் ஃபுளோரைடு போகாது.