முதல் மூணு நாள் உங்க கையில!

ஒரு சின்ன டெஸ்ட் வெச்சுக்கலாமா மக்களே? இந்த நிமிஷம் உங்க ரூம்ல கரன்ட் கட். மூணு நாளைக்கு வரப்போறதில்லை. குழாய்ல தண்ணி இல்லை. தெருவுல முழங்கால் அளவு வெள்ளம். மெஸ் கிடையாது, கடை கிடையாது, டெலிவரி பையன் வரவே முடியாது. இப்ப சொல்லுங்க... உங்ககிட்ட சாப்பிட என்ன இருக்கு? குடிக்க எத்தனை லிட்டர் இருக்கு?

'அதெல்லாம் அம்மா பார்த்துப்பாங்க'ன்னு நழுவுறீங்களா? அம்மா ஊர்ல இருக்காங்க பாஸ். நீங்க இங்க இருக்கீங்க. அதான் மேட்டரே!

2023 டிசம்பர் 4. மிக்ஜாம் புயல் சென்னையைப் புரட்டிப்போட்ட அன்னிக்கு நான் ஃபர்ஸ்ட் இயர். மொட்டை மாடி ரூம்ல நாங்க மூணு பேர். எங்க கையிருப்பு இதுதான்: ஒரு நூடுல்ஸ் பாக்கெட், பாதி சிப்ஸ், கேன்ல கடைசி நாலு டம்ளர் தண்ணி, 22 சதவிகிதம் சார்ஜோட ஒரே ஒரு செல்போன். சமைக்க இண்டக்‌ஷன் அடுப்பு. கரன்ட் இல்லாத ஊர்ல இண்டக்‌ஷன் அடுப்புங்கறது வழவழன்னு ஒரு கண்ணாடிப் பலகை, அவ்ளோதான். நூடுல்ஸைப் பச்சையா கடிச்சுக்கிட்டே மூணு பேரும் 'ஙே'ன்னு உட்கார்ந்திருந்தோம்.

மத்தியானம் கீழ்வீட்டுல இருந்து ஹவுஸ் ஓனர் பாட்டி குரல் கொடுத்தாங்க. "ஏன்டா பசங்களா, ஏதாச்சும் சாப்ட்டீங்களா?"

போய்ப் பார்த்தா, அது சமையலறை இல்லைங்க, குட்டி குடோன்! டின்ல அரிசி, டப்பா டப்பாவா பருப்பு, சுண்டைக்காய் வத்தல், மாங்கா வத்தல், வெங்காய வடகம், ஊறுகாய் ஜாடி. முதல் நாளே பிடிச்சு மூடிவெச்ச ரெண்டு எவர்சில்வர் அண்டா நிறைய தண்ணி. அன்னிலேருந்து எங்க மூணு பேருக்கும், கைக்குழந்தையோட இருந்த எதிர் வீட்டுக்காரங்களுக்கும் சோறு அங்கதான். வத்தக்குழம்பும் சுட்ட அப்பளமும் அவ்ளோ டேஸ்ட்டா இருக்கும்னு அதுவரைக்கும் தெரியாது.

மூணாவது நாள் காலையில பாட்டி தலை சுத்தி உட்கார்ந்துட்டாங்க. விசாரிச்சா, பி.பி. மாத்திரை தீர்ந்து ரெண்டு நாளாச்சாம். 'மழை விட்டதும் வாங்கிக்கலாம்'னு யார்கிட்டயும் சொல்லலை. காலி அட்டையை எடுத்துக்கிட்டு நானும் ரூம்மேட்டும் தண்ணிக்குள்ள இறங்கினோம். மூணு மெடிக்கல் ஷாப் மூடிக் கிடந்தது. நாலாவதுல கிடைச்சது. திரும்பி வர்ற வழியில, கையில வெச்சிருந்த கம்பு திடீர்னு ஒரு இடத்துல உள்ளே போயிடுச்சு. மூடி இல்லாத பாதாளச் சாக்கடைக் குழி! கம்பு இல்லாம இருந்திருந்தா இந்தக் கட்டுரையை வேற யாராச்சும்தான் எழுதியிருக்கணும்.

பாட்டி இப்ப சூப்பரா இருக்காங்க. ஆனா, தெருவுக்கே சோறு போட்ட வீட்டுல ஒரு அட்டை மாத்திரை இல்லாமப் போச்சேங்கறது எனக்குள்ள இன்னும் உறுத்திக்கிட்டே இருக்கு.

ஏன் மூணு நாள்?

அரசாங்கம் வராதுன்னு சொல்ல வரலை. வரும். ஆனா, ரோடு தெரியணும், படகு வரணும், அறுந்து கிடக்கிற கம்பியை எடுத்துட்டுத்தான் கரன்ட் விடணும். அதுக்கெல்லாம் டைம் ஆகும். 2015 டிசம்பர் 1 மழையில சென்னையில பல ஏரியா நாள்கணக்கா இருட்டுல கிடந்தது. 2016 டிசம்பர் 12 வர்தாவுலயும் அதே கதை. 2018 நவம்பர் 16 கஜா புயலுக்கு அப்புறம் டெல்டா கிராமங்கள் பலதுல கரன்ட் வர வாரக்கணக்காச்சு.

2023 டிசம்பர் 17, 18-ல தென் மாவட்டங்கள்ல கொட்டின மழை ஞாபகம் இருக்கா? காயல்பட்டினத்துல ஒரே நாள்ல சுமார் 95 செ.மீ. திருச்செந்தூர்ல இருந்து சென்னை கிளம்பின ரயில், தண்டவாளத்துக்கு அடியில மண் அரிச்சுப் போனதால ஸ்ரீவைகுண்டத்துல நின்னுபோச்சு. நூத்துக்கணக்கான பயணிகள் சுத்தி வெள்ளத்துக்கு நடுவுல. அவங்களுக்குச் சமைச்சுப் போட்டது யார் தெரியுமா? பக்கத்துல இருந்த புதுக்குடி கிராமத்து மக்கள். அவங்க ஊரும்தான் வெள்ளத்துல கிடந்தது. வீட்டுல அரிசி பருப்பு இருந்தவங்களால மத்தவங்களுக்குக் கொடுக்க முடிஞ்சது.

அதனால, வீட்டுல கொஞ்சம் சேர்த்து வைக்கிறது பயந்தாங்கொள்ளித்தனம் இல்லை பாஸ். நாம மூணு நாள் தாக்குப் பிடிச்சா, வர்ற முதல் படகும் முதல் சாப்பாட்டுப் பொட்டலமும் நிஜமா தேவைப்படுறவங்களுக்குப் போகும்.

தண்ணி கணக்கு

குடிக்க, சமைக்கன்னு ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர்னு வெச்சுக்கங்க. மூணு பேர், மூணு நாள்... 36 லிட்டர். அதாவது 20 லிட்டர் கேன் ரெண்டு. அவ்ளோதான்! மழை சீசன்ல, ஒரு கேன் முடிஞ்சவுடனே அடுத்த கேன் சொல்லிடுங்க. கழுவ, கக்கூஸுக்கு வேற தண்ணி வேணும். புயல் எச்சரிக்கை வந்த அன்னிக்கே பக்கெட், அண்டா, குடம் எல்லாத்தையும் நிரப்பிடுங்க. வெள்ளம் புகுந்த சம்ப் தண்ணியை மட்டும் தொடாதீங்க. சாக்கடையும் அதுல கலந்திருக்கும். சந்தேகமான தண்ணின்னா தளதளன்னு கொதிக்கவெச்சு ஆறவெச்சுக் குடிங்க. பெட்ரோல், கெமிக்கல் வாசனை அடிச்சா கொதிக்கவெச்சும் பிரயோஜனம் இல்லை.

பாட்டியோட சயின்ஸ்

வத்தல் ஏன் ஒரு வருஷம் கெடாம இருக்கு? ரொம்ப சிம்பிள். பாக்டீரியா, பூஞ்சை எல்லாத்துக்கும் வளர ஈரம் வேணும். சுண்டைக்காயை உப்பு போட்ட மோர்ல ஊறவெச்சு, சித்திரை வெயில்ல சருகாகக் காயப்போடுறாங்க பாருங்க... அதுல உப்பும் வெயிலும் சேர்ந்து அந்த ஈரத்தைப் பிடுங்கிடுது. ஊறுகாய்ல உப்பு, புளிப்பு, எண்ணெய். கருவாட்டுலயும் அதே உப்பு, வெயில். துவரையில செம்மண் கட்டி காயவைக்கிறது, அரிசி டின்ல காய்ஞ்ச மிளகாயோ வேப்பிலையோ போடுறது எல்லாம் வண்டுக்கு எதிரான டெக்னாலஜி. பத்தாயமும் குதிரும் வெச்சிருந்த ஊருங்க நம்ம ஊரு!

'எனக்கு வத்தல் போடத் தெரியாதே'ங்கறீங்களா? அடுப்பே பத்தவைக்காம சாப்பிடுற ஐட்டமா வாங்கி வைங்க. அவல் (தண்ணில ஊறவெச்சு வெல்லம் போட்டா டிபன் ரெடி), பொட்டுக்கடலை, பொரி, கடலை மிட்டாய், பேரீச்சம்பழம், பருப்புப்பொடி, ரஸ்க். எல்லாத்தையும் காத்துப் புகாத டப்பாவுல போட்டு, தரையில இல்லாம உயரமா வைங்க.

இங்கதான் நாம எல்லாரும் கோட்டை விடுவோம். வாங்கி வெச்சுட்டு மறந்துடுவோம். புது பாக்கெட்டை முன்னால வெப்போம், அதையே எடுத்துத் தின்போம். பின்னால இருக்கிற பழசுக்கு வண்டு வந்துடும். டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் கிளாஸ்ல தூங்காதவங்களுக்குத் தெரியும், இது 'ஸ்டாக்'. நமக்கு வேண்டியது 'க்யூ'. பழசு முன்னால, புதுசு பின்னால. முதல்ல வந்தது முதல்ல போகணும். தினமும் சாப்பிடுற பொருளையே கொஞ்சம் கூடுதலா வாங்கி, பழசை எடுக்க எடுக்க புதுசை நிரப்பினா எதுவும் வீணாகாது.

முக்கியமான விஷயம்... கரன்ட் போனா ஃப்ரிட்ஜை அடிக்கடி திறக்காதீங்க. மூடியே வெச்சிருந்தா சுமார் 4 மணி நேரம் குளிர்ச்சி தாங்கும். அதனால பால், பழைய குழம்பை முதல்ல காலி பண்ணுங்க. வெள்ளத்தண்ணி பட்ட சாப்பாட்டை யோசிக்காம தூக்கிப் போடுங்க.

ஒரு டப்பா, ஒரு கவர்

டப்பா மருந்துக்கு. வீட்டுல பி.பி., சுகர்னு தினம் மாத்திரை போடுறவங்க இருந்தா, ஒரு வாரத்துக்குக் கூடுதலா இருக்கணும். டாக்டர் சீட்டை போட்டோ எடுத்து வைங்க. இன்சுலின் போடுறவங்க, கரன்ட் இல்லைன்னா எப்படி வைக்கணும்னு டாக்டர்கிட்ட இப்பவே கேட்டுவெச்சுக்கணும். கூடவே ஓ.ஆர்.எஸ். பாக்கெட், காயத்துக்குப் பஞ்சு, துணி, மருந்து. ஓ.ஆர்.எஸ். கிடைக்கலைன்னா, கொதிச்சு ஆறின 1 லிட்டர் தண்ணில 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. ஸ்பூனைத் தலைதட்டி அளக்கணும், குமிச்சு போடக்கூடாது.

கவர் சர்ட்டிஃபிகேட்டுக்கு. சிரிக்காதீங்க. 2015 வெள்ளத்துல மார்க்‌ஷீட் போனவங்களுக்காக அரசாங்கம் தனியா முகாமே நடத்த வேண்டியிருந்தது. பத்தாவது, ப்ளஸ் டூ மார்க்‌ஷீட், டி.சி., ஆதார்... எல்லாத்தையும் தண்ணி புகாத கவர்ல போட்டு மேல் அலமாரியில வைங்க. ஒரு காப்பி டிஜிலாக்கர்ல இருக்கட்டும்.

டார்ச், ஃபுல் சார்ஜ்ல பவர் பேங்க், கையில கொஞ்சம் ரொக்கம் மூணும் அவசியம். கரன்ட் போனா ஜிபே போயே போச்! தண்ணி வீட்டுக்குள்ள வர்றதுக்கு முன்னாலயே மெயின் ஸ்விட்சை ஆஃப் பண்ணுங்க. ஈரத்துல நின்னுக்கிட்டு ஸ்விட்சைத் தொடாதீங்க. செல்லுல மட்டும் இல்லாம, சுவத்துலயும் நம்பர் எழுதி ஒட்டுங்க: அவசர உதவி 112, ஆம்புலன்ஸ் 108, மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070, மாவட்டம் 1077.

பெயின்ட் வாளியில ஒரு தோட்டம்

புயலுக்கு முதல் நாள் சாயங்காலம் பாட்டி எங்களைக் கூப்பிட்டு, மாடிக் கைப்பிடிச் சுவர் மேல இருந்த தொட்டியெல்லாம் கீழே இறக்கி வைக்கச் சொன்னாங்க. 'செமஸ்டர் நேரத்துல இது வேறயா'ன்னு முணுமுணுத்துக்கிட்டே செஞ்சோம். அடிச்ச காத்துல அதெல்லாம் மேலேயே இருந்திருந்தா, தெருவுல போறவங்க மண்டை காலி.

தொட்டியில இருந்தது கறிவேப்பிலை, கீரை, கத்தரி. உண்மையைச் சொல்லணும்னா, வெள்ளத்துல ஒரு மாடித்தோட்டம் வயித்தை நிரப்பாது. அடைமழையில கீரை அழுகிடும். ஆனா, தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டி, ரேஷன் கடையில 60 ரூபாய்க்கு வித்தாங்களே, 2023 ஜூலையில... அந்த மாதிரி நேரத்துல தொட்டியில நாலு தக்காளி பழுத்தா, அன்னிக்கு நாமதான் கோடீஸ்வரன்!

ஆரம்பிக்க பெரிய செலவு இல்லை. பழைய 20 லிட்டர் பெயின்ட் வாளியை நல்லா கழுவி, அடியில நாலு ஓட்டை போடுங்க. மண், தேங்காய் நார்க்கழிவு, மண்புழு உரம் மூணும் சம பங்கு. நாலஞ்சு மணி நேரமாவது வெயில் படணும். அஞ்சறைப்பெட்டியில இருக்கிற வெந்தயத்தையே தூவினா மூணு வாரத்துல கீரை. சிறுகீரை, தண்டுக்கீரைக்கு ஒரு மாசம். வெண்டைக்கு ஒண்ணரை மாசம். சொந்த வீட்டுல கொஞ்சம் இடம் இருக்கா? பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி தந்த பி.கே.எம்.-1 செடிமுருங்கையை வைங்க. ஆறு மாசத்துல காய்க்கும். ஒரு காலேஜ் ஆராய்ச்சி, நம்ம வீட்டு சாம்பார்ல!

மண்ணே இல்லாதவங்களுக்கும் ஒரு வழி இருக்கு. பச்சைப்பயறு. ராத்திரி ஊறவெச்சு, ஈரத்துணியில கட்டித் தொங்கவிட்டா ஒண்ணு ரெண்டு நாள்ல முளை. வெயில் வேண்டாம், கரன்ட் வேண்டாம். நல்ல தண்ணில அலசி, அவிச்சு சாப்பிடுங்க.

கடைசியா ஒரு வார்த்தை

'ரெட் அலர்ட்'னு டி.வி.யில ஸ்க்ரோல் ஓடினதும் கடைக்கு ஓடி, பத்து பால் பாக்கெட், இருபது பிரெட் அள்ளுறது தயாரிப்பு இல்லீங்க, பதுக்கல். மிக்ஜாம் நேரத்துல ஒரு பால் பாக்கெட்டுக்கு ஊரே அல்லாடுச்சு. நாம கூடுதலா அள்ளின ஒவ்வொண்ணும் ஏதோ ஒரு குழந்தைக்கு இல்லாமப் போனது. வாராவாரம் கொஞ்சம் கொஞ்சமா, எல்லாம் நல்லா இருக்கும்போதே வாங்கி வைக்கிறதுதான் சரி.

எங்க ரூம்ல இப்ப ரெண்டு கேன், ஒரு அவல் டப்பா, ஒரு டார்ச் எப்பவும் இருக்கு. அலமாரிக் கதவு உள்பக்கம் ஒரு பேப்பர் ஒட்டியிருக்கோம். அதுல முதல் வரி: 'பாட்டி மாத்திரை - எத்தனை இருக்கு?' மாசம் முதல் ஞாயிறு நாங்கதான் கீழே போய் எண்ணிப் பார்க்கறோம். "என்னடா, நீங்க எனக்கு கார்டியனா?"ன்னு சிரிப்பாங்க. கையில ஒரு டப்பா வத்தலைத் திணிச்சுத்தான் அனுப்புவாங்க.

உங்களுக்கு ஒரு அசைன்மென்ட். இன்னிக்கு ராத்திரி உங்க ரூமைச் சுத்திப் பாருங்க. எத்தனை லிட்டர், எத்தனை வேளை, எத்தனை மாத்திரைன்னு எண்ணுங்க. அப்புறம் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி, தனியா இருக்கிற தாத்தா பாட்டிகிட்டயும் கேளுங்க. சப்மிட் பண்ண கடைசி தேதி? அடுத்த புயலுக்கு முன்னால!