பின்னொளி காட்டிய பிறந்த நேரம்

பெரம்பலூர்க் கல்குவாரியிலோ அரியலூர்ச் சுண்ணாம்புக்கல் சுரங்கத்திலோ வெடி வைப்பதைத் தொலைவிலிருந்து பார்த்திருப்பீர்கள். வெடி நொடியில் முடியும். புழுதி அடங்க வெகுநேரம் ஆகும். வெடித்த கணத்தைக் காணாதவரும், புழுதி அடங்கும் விதத்தைக் கொண்டு அந்த நேரத்தை ஊகிக்கலாம். வானியலிலும் ஒரு வழக்கு இப்படித்தான் தீர்ந்தது.

2017 ஜனவரி 4. இரு கருந்துளைகள் ஒன்றிணைந்ததால் எழுந்த ஈர்ப்பு அலையை அமெரிக்காவின் லைகோ கருவிகள் உணர்ந்தன. அலை வந்திருக்கக்கூடிய வானப்பகுதியில், விரைவாக மங்கும் ஓர் ஒளிப்புள்ளியை ஹவாய்த் தீவுகளிலுள்ள அட்லஸ் தொலைநோக்கி மறுநாள் கண்டது. கருந்துளைகள் இணையும்போது ஒளி வரும் என்று பொதுவாக எதிர்பார்க்கப்படவில்லை. அப்படியானால் இது அந்த நிகழ்ச்சியின் ஒளிதானா?

அந்த ஒளி ஒரு காமாக் கதிர் வெடிப்பின் பின்னொளியாகவும் இருக்கலாம். பெரிய விண்மீனின் உட்கரு தன் எடை தாங்காமல் நொறுங்கும்போது, ஏறத்தாழ ஒளியின் வேகத்தில் ஒரு தாரை பீறிடும். அதிலிருந்து காமாக் கதிர்கள் சில நொடிகளோ நிமிடங்களோ வீசும். பின்னர் தாரை சுற்றியுள்ள மெல்லிய வாயுவில் மோதி அதிர்ச்சி அலையை உண்டாக்கும். அங்கே எலெக்ட்ரான்கள் காந்தப்புலத்தில் சுழன்று எக்ஸ் கதிர், ஒளி, வானொலி அலை ஆகியவற்றை உமிழும். இதுவே பின்னொளி, 1997-இல் முதன்முதலாகக் காணப்பட்டது. வாயுவை வாரிக்கொண்டு செல்லச் செல்லத் தாரையின் வேகம் குறையும், ஒளியும் மங்கும்.

மங்குவதற்கும் ஒரு விதி உண்டு. கதிரியக்கப் பொருள் சம கால இடைவெளிகளில் பாதி பாதியாகக் குறையும். பின்னொளி அப்படியன்று. எளிமைக்காக, வெடிப்புக்குப் பின் கழிந்த நேரத்துக்கு எதிர்விகிதத்தில் அது குறைவதாகக் கொள்வோம். இரவு 8 மணிக்கு 60 அலகு, 10 மணிக்கு 30 அலகு என்றால், அந்த 2 மணி நேரத்தில் கழிந்த நேரம் இரு மடங்காகியுள்ளது. எனவே வெடிப்பு நிகழ்ந்தது மாலை 6 மணிக்கு!

அட்லஸ் கண்ட ஒளி மங்கிய விதத்தை இப்படிப் பின்னோக்கிக் கணக்கிட்டபோது, அது பிறந்தது ஜனவரி 5 என்று தெரிந்தது. 2015-இல் இஸ்ரோ செலுத்திய அஸ்ட்ரோசாட் செயற்கைக்கோளும் அதே நாளில் ஒரு காமாக் கதிர் வெடிப்பைப் பதிவு செய்திருந்தது. ஆகவே, இரண்டும் தொடர்பற்ற நிகழ்ச்சிகள் என்று மும்பை ஐ.ஐ.டி.யின் வருண் பலேராவ் முதலிய ஆய்வாளர்கள் நிறுவினர். ஒரு பெரும் தவறான முடிவு தவிர்க்கப்பட்டது.

உங்களுக்கு ஒரு கணக்கு: மேற்சொன்ன பின்னொளி நள்ளிரவு 12 மணிக்கு எத்தனை அலகு இருக்கும்? 15 அன்று. ஏன்?