பட்டைக் கரைக்கும் காரம் பருத்திக்குப் பலம் தருவது ஏன்?

பட்டும் பருத்தியும் ஒரே தறியில் இணைந்து நெய்யப்படினும், பட்டு புழு சுரந்த புரதமாகவும் பருத்தி செடி விளைத்த செல்லுலோஸாகவும் இருத்தலால், ரசாயன சுபாவத்தில் அவை முற்றிலும் மாறுபட்டவை. புரதத்தின் அமினோ அமிலங்களைப் பிணைக்கும் பந்தங்களைக் காரம் அறுத்துவிடுவதால், கொதிக்கும் காஸ்டிக் சோடாக் கரைசலில் பட்டு கரைந்தே போகிறது. செல்லுலோஸின் சர்க்கரை மூலக்கூறுகளைக் கோக்கும் பந்தங்களோ காரத்தை எதிர்த்து நிற்கின்றன. அதனாலன்றோ, 1844-இல் ஆங்கிலேயரான ஜான் மெர்சர் கண்டவாறு, அடர்ந்த காஸ்டிக் சோடா பருத்தியிழையைப் பருக்கச் செய்து, அதன் பலத்தையும் சாயம் ஏற்கும் சக்தியையும் விருத்தி செய்கிறது! அமிலத்திலோ நிலைமை நேர்விரோதம்: துணியில் உலர்ந்து செறியும் கந்தக அமிலம் செல்லுலோஸைத் துண்டித்துப் பருத்தியை நைந்துபோகச் செய்ய, பட்டு அதனை ஓரளவு தாங்குகிறது. ஆதலின் பட்டாடையைக் காரம் மிகுந்த சோப்பினால் ஒருபோதும் துவைக்கலாகாது.